பியானோ கம்பிக்குள் ஒரு போல்ட்

நவீன நடனத்துக்கு மேடையிலேயே தாளக்கருவிகள் வாசிப்பவர்களுக்கு முதல் சிக்கல் இடம்தான். ஆடுபவருக்கு விட்டது போக மிச்சத்தில்தான் அத்தனை மேளங்களையும் அடுக்க வேண்டும். 1940-இல் சியாட்டில் நகரில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு அந்த மிச்சமும் கிடைக்கவில்லை.

அங்கே கார்னிஷ் பள்ளியில் நடன வகுப்புகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார் அவர். தாளவாத்தியக் குழு ஒன்றும் வைத்திருந்தார். சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞர் தன் புதிய ஆட்டத்துக்கு இசை கேட்டார். மேடையோ சின்னது, ஓரத்தில் ஒரு பியானோ மட்டும். சரி, இதையே மேளமாக்கிவிடலாம் என்று இறங்கினார் கேஜ். கம்பிகள் மேல் ஒரு தட்டை வைத்தார், துள்ளி நகர்ந்தது. ஆணி வைத்தார், வழுக்கியது. கம்பிகளுக்கிடையே செருகிய ஸ்க்ரூவும் போல்ட்டும்தான் நின்றன. மரை கம்பியைக் கவ்விக்கொள்ளுமே!

இழுத்துக் கட்டிய கம்பி முழு நீளத்துக்கும் அதிரும்போதே இரண்டாக, மூன்றாக, நான்காகப் பிரிந்தும் அதிரும். அடிப்படை விநாடிக்கு 200 அதிர்வு என்றால் மற்றவை 400, 600, 800. இப்படி முழு மடங்காக இருப்பதால்தான் நம் காதுக்கு அது ஒரே சுரம். போல்ட் ஏறியதும் இந்தக் கணக்கு கலைகிறது. போல்ட் இருக்கும் புள்ளியில் அசைவே இல்லாத அதிர்வுகள் தப்பித்துவிடும். அங்கே நன்றாக அசைபவையோ பாரம் சுமந்து வேகம் குறையும். முழு மடங்கு போனதும் சுரம் சேகண்டி போல ஒலிக்கிறது. கதவிடுக்கில் ஒட்டும் நார்ப்பட்டையைச் செருகினால் கதை வேறு: மேல் அதிர்வுகள் சட்டென்று அடங்கி, ‘தொம்’ மட்டும் மிஞ்சும். அந்த நடனத்துக்கு அவர் மாற்றியது வெறும் 12 சுரங்களை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மிருதங்கம் நினைவுக்கு வரும். வெறும் தோலைத் தட்டினால் அதிர்வுகள் 1, 1.59, 2.14 என்று கோணலாகத்தான் வரும். வலப்பக்கத் தோலான வலந்தலையில் சோற்றுப்பசையும் கல்பொடியும் சேர்த்து அடுக்கடுக்காகத் தேய்க்கும் கரணை, அவற்றை முழு மடங்குக்குப் பக்கத்தில் இழுத்து வருகிறது. சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் இதை எழுதினார்கள். இரண்டிலும் வேலை பாரம் ஏற்றுவதுதான். நம் ஊரில் அது தோலுக்குச் சுருதி கொடுத்தது, கேஜின் கையில் கம்பியின் சுருதியைக் கலைத்தது.

வீட்டில் கிடார் இருந்தால் தடித்த கம்பியில் ஒரு சின்ன இரும்புக் கிளிப்பை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மீட்டிப் பாருங்கள். சரிபாதியில் ஒரு ஒலி, அதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளினால் இன்னொன்று.