‘இன்டர்நேஷனல் பேர்’: தமிழில் இதற்கு என்ன சொல்?

அம்மா ஒரு மொழி, அப்பா வேறு மொழி என்று இருக்கிற வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது என்றால் இந்தச் சொல் தினமும் ஒருமுறையாவது காதில் விழும். “நல்ல இன்டர்நேஷனல் பேரா ஒண்ணு சொல்லேன்.” என் தங்கையும் என்னிடம் இப்படித்தான் கேட்டாள். அவள் கணவரின் தாய்மொழி ஜெர்மன். அவள் மனதில் முதலில் இருந்தது எழில். அழகான சொல், ஆணுக்கும் பொருந்தும் பெண்ணுக்கும் பொருந்தும், மூன்றே எழுத்து. அதை ரோமன் எழுத்தில், ழகரத்துக்கு வழக்கமாகப் போடும் இசட்டும் எச்சும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி மாமியாரிடம் காட்டினாள். ஜெர்மனில் இசட் என்றால் ‘ட்ஸ்’ ஒலி. அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்தெழுத்தாக விரலை வைத்து, அத்தனை அன்போடு வாசித்தார்: “எட்ஸ்ஹில்.” இரண்டாம் முறை கொஞ்சம் வேகமாகச் சொன்னபோது என் தங்கை காதில் விழுந்தது ‘எச்சில்’. அவள் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

அன்று இரவு போனில் நாங்கள் பேசியதெல்லாம் இந்தச் சொல்லைப் பற்றித்தான். இன்டர்நேஷனல் பேர் என்று எல்லாரும் சொல்கிறோம், அது உண்மையில் எதைக் குறிக்கிறது?

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லையே பார்க்கலாம். ‘இன்டர்நேஷனல்’ ரொம்பப் பழைய சொல் இல்லை. ஜெரெமி பெந்தம் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர், அரசுக்கும் அரசுக்கும் இடையில் இருக்கும் சட்டத்தைக் குறிக்கத் தனியாகச் சொல் இல்லையே என்று அவரே உண்டாக்கியது. 1789இல் வெளியான அவருடைய நூலில் அது வருகிறது. ஆகப் பிறந்தது சட்டத்துக்காக. ஆனால் அதற்குள் இருக்கும் ‘நேஷன்’ லத்தீன் ‘நாத்சியோ’விலிருந்து வந்தது, அதன் அடிப்பொருள் பிறப்பு. ஒரே பிறப்பினர், ஒரே குலத்தார் என்று விரிந்து, பிறகு நாடு என்று ஆயிற்று. குழந்தையின் பெயரைப் பற்றிப் பேசும்போது இந்த வேர்ப்பொருள்தான் எனக்கு உதவியாகப் படுகிறது: இரண்டு பிறப்புவழிகளுக்கு இடையில் நிற்கும் பெயர்.

சரி, ‘நேம்’? ஆங்கில நேம், லத்தீன் நோமென், கிரேக்க ஓனோமா, பாரசீக நாம், சமஸ்கிருத நாமன் எல்லாம் ஒரே வேர். நாம் ‘நாமம்’ என்று சொல்வது அந்தச் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்ததுதான். (தமிழில் ‘நாம்’ என்று ஓர் உரிச்சொல் தனியாக இருக்கிறது, அதற்கு அச்சம் என்று பொருள், தொல்காப்பியம் சொல்கிறது. அதற்கும் இந்த நாமத்துக்கும் உறவில்லை.) ஜப்பானிய மொழியில் பெயருக்கு ‘நமாயே’ என்பார்கள். கேட்க அப்படியே நாமம் மாதிரி இருக்கும், ஆனால் அது முற்றிலும் வேறு வேர், தற்செயல். பெயர் தேடும் பெற்றோர் இந்த ஓர் உதாரணத்தை நினைவில் வைத்திருந்தால் நல்லது. ஒலி ஒன்றாக இருப்பதும் சொந்தமாக இருப்பதும் வேறு வேறு.

நம் சொல் பெயர். தெலுங்கில் பேரு, மலையாளத்தில் பேர், கன்னடத்தில் ஹெசரு, பழைய கன்னடத்தில் பெசர். இந்தத் திராவிட மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொல். இதிலிருந்து பிறந்த ஒரு சொல்லை நாம் தினமும் புழங்குகிறோம், ஆனால் கவனிப்பதில்லை. பேரன். அது பெயரன். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். பெயர்த்தி என்பதுதான் பேத்தி. குழந்தைக்கும் தாத்தா பாட்டிக்கும் இருக்கும் உறவுக்கே தமிழ் ‘பெயர்’ என்ற சொல்லை வைத்திருக்கிறது என்றால், அந்தப் பெயர் தாத்தா பாட்டியின் வாயில் நுழையாமல் போவது சின்ன விஷயமா? தங்கை தாளை மடித்து வைத்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் பாட்டிகள் இருக்கிறார்கள், இரண்டு பேரும் கூப்பிட வேண்டும்.

இப்போது தமிழ் நேர்ச்சொல். ‘பன்னாட்டுப் பெயர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் குழந்தைக்குப் பல நாடுகள் தேவையில்லை, இரண்டு வீடுகள் போதும். ‘பொதுப்பெயர்’ வேண்டாம், இலக்கண வகுப்பில் அதற்கு ஏற்கனவே வேறு வேலை இருக்கிறது. ‘கலப்புப் பெயர்’ எனக்குப் பிடிக்கவே இல்லை. பாதி இது பாதி அது என்ற தொனி அதில் வந்துவிடுகிறது, எந்தக் குழந்தையும் எந்தப் பெயரும் பாதி இல்லை.

எனக்குப் பிடித்த சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: விரவுப்பெயர். விரவுதல் என்றால் கலந்து நிற்றல், ஊடே பரவுதல். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் ஒன்றுபோல வரும் பெயரை அப்படிச் சொல்வார்கள். சாத்தன் என்பது வழக்கமாகக் காட்டும் உதாரணம். சாத்தன் வந்தான் என்றால் மனிதன், சாத்தன் வந்தது என்றால் மாடு. பெயர் மாறவில்லை, பின்னால் வரும் வினைதான் அது எந்தத் திணை என்று காட்டிக்கொடுக்கிறது. நாம் தேடும் பெயரும் இதே மாதிரிதான் இயங்குகிறது. பெயரை மட்டும் கேட்டால் எந்த மொழி என்று தெரியாது, யார் கூப்பிடுகிறார்கள், அடுத்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால்தான் தெரியும். இரு திணைக்கு இருந்த சொல்லை இரு மொழிக்கு விரித்துக்கொள்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். அன்றாடப் பேச்சுக்கு அது கனமாகத் தோன்றினால் ‘இருமொழிப் பெயர்’ என்று சொல்லுங்கள், யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

ஆனால் எல்லா இருமொழிப் பெயரும் ஒரே தரம் இல்லை. இங்கேயும் பழைய இலக்கணம்தான் எனக்குக் கைகொடுக்கிறது. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பள்ளியில் படித்திருப்போம். மரம் என்பது காரணம் சொல்ல முடியாத இடுகுறி, பறப்பதால் பறவை என்பது காரணப்பெயர். இரு மொழி வீட்டில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், பெயர் ஒரு வீட்டுக்குக் காரணப்பெயராக இருக்கும், மறு வீட்டுக்கு வெறும் இடுகுறியாக, ஏதோ ஓர் ஒலியாக இருக்கும். அந்த வீட்டார் அன்போடு ஏற்றுக்கொள்வார்கள், ஆனாலும் அது அவர்களுக்கு விருந்தாளிப் பெயர்தான். இரண்டு வீட்டிலும் காரணம் சொல்ல முடிகிற பெயர் கிடைத்தால் அதுதான் முழுமையான விரவுப்பெயர். கிடைப்பது கஷ்டம், தேடினால் கிடைக்கும்.

கவின் அப்படி ஒன்று. தமிழில் கவின் என்றால் அழகு, சங்கப் பாட்டிலேயே உள்ள சொல். ஆங்கிலத்தில் கெவின் என்று வழங்கும் பெயர் ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது. பழைய ஐரிஷில் அழகிய, அன்பான என்று பொருள்படும் ஒரு சொல்லும் பிறப்பு என்ற சொல்லும் சேர்ந்தது, அழகிய பிறப்பு. இரண்டு சொற்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, எங்கோ தனித்தனியாகப் பிறந்து ஒலியிலும் பொருளிலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஐரிஷ் – தமிழ் வீட்டில் பையன் பிறந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். என் தங்கைக்கும் சொன்னேன். அவள் கணவர் தயங்கினார். ஜெர்மனியில் கெவின் என்ற பெயரின் மேல் ஒரு வர்க்க ஏளனம் படிந்துவிட்டதாம், அதற்குக் ‘கெவினிஸ்முஸ்’ என்று சொல்லே இருக்கிறது. அந்தப் பெயர் வைத்த பிள்ளைகள் மேல் அது எவ்வளவு பெரிய அநியாயம்! ஆனால் அகராதியில் இல்லாத இந்தச் சுமையையும் பெற்றோர் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல அந்த மொழிக்குள் வளர்ந்த ஒருவரால்தான் முடியும், பெயர்ப் பட்டியல் சொல்லாது.

மாயா என்ற பெயரைப் பல மொழியினரும் தங்களுடையது என்பார்கள். சமஸ்கிருதத்தில் மாயத்தோற்றம், புத்தரின் தாயின் பெயர். கிரேக்கக் கதையில் ஹெர்மீஸின் தாய் மாயா. தமிழில் மாயோன் என்றால் கரியவன், ‘மாயோன் மேய காடுறை உலகம்’ என்று முல்லை நிலத்துக்குத் தெய்வம் சொல்லும்போது வருமே, அதேதான். மாயோள் என்றால் கருமை கலந்த அழகிய நிறத்தவள். மாயா என்று வைத்துவிட்டு, தமிழில் என்ன பொருள் என்று யாராவது கேட்டால் பொய்த்தோற்றம் என்று சொல்லிக் கூச்சப்பட வேண்டாம், மாயோளைச் சொல்லுங்கள்.

மறுபக்கம் இடறிவிடும் பெயர்களும் உண்டு. நமக்கு மாலா, ஸ்பானிஷில் ‘மாலா’ என்றால் கெட்டவள். நமக்கு லதா கொடி, அதே பெயரை ரோமன் எழுத்தில் எச் இல்லாமல் எழுதினால் ஸ்பானிஷில் தகர டப்பா, போலிஷில் ஆண்டுகள். புனிதாவை இத்தாலியர் ‘புனீதா’ என்று சொன்னால் தண்டிக்கப்பட்டவள் என்று ஆகிவிடும். கமலா என்று ஃபின்னிஷ் மொழியில் சொன்னால் பயங்கரம், மோசம். அவர்கள் பக்கத்துப் பெயர்களும் நம் காதில் இப்படி விழும். அன்னா என்ற குழந்தையை நம் வீட்டில் கூப்பிட்டால் அண்ணனைக் கூப்பிடுவது போல இருக்கும், தாரா என்றால் நட்சத்திரம், ஆனால் தமிழில் வாத்துக்கும் தாரா என்று பெயர் உண்டு. இதற்காக அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வைப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒலி ஒத்துவராவிட்டால் பொருளைப் பெயர்த்துக்கொள்வது இன்னொரு வழி, தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பால், அதாவது பவுல், என்ற பெயர் லத்தீனில் ‘சிறிய’ என்று பொருள்படும் சொல். தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பவுலைச் சின்னப்பர் என்றார்கள். யோவான் என்றால் கடவுள் அருளுடையவர், அவர் அருளப்பர் ஆனார். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கிக்குக் கான்ஸ்டன்டைன் என்று பெயர், உறுதியானவன் என்ற பொருள். தமிழில் முதலில் தைரியநாதர், பிறகு வீரமாமுனிவர். எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள்! இரட்டைப் பெயர் வைக்க நினைக்கிறவர்கள், இரண்டையும் சம்பந்தமில்லாமல் அடுக்காமல், ஒன்றின் பொருளை மற்றது சொல்கிற மாதிரி வைத்தால் குழந்தைக்கு அது ஒரே பெயராகத்தான் இருக்கும்.

ழகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாழினி, எழில், மகிழ், தமிழ் எல்லாம் உயிரான பெயர்கள். ரோமன் எழுத்தில் ழகரத்துக்குப் பொருத்தமான எழுத்து இல்லாததால் வேற்றுமொழியார் எழுத்தைப் பார்த்து வாசிக்கும்போதுதான் சிக்கல். காதால் கேட்டுப் பழகினால் ஓரளவு வந்துவிடும். அதனால் தாளில் எழுதிக் காட்டாதீர்கள், முதலில் வாயால் சொல்லிக் காட்டுங்கள், நான்கைந்து முறை கூப்பிடச் சொல்லுங்கள், உரக்க, தூரத்திலிருந்து, கொஞ்சம் கோபமாகவும்.

தங்கை அதைத்தான் அப்புறம் செய்தாள். எட்டாம் மாதத்தில் மாமியாரிடம் தாள் இல்லாமல் ஒரு பெயர் சொன்னாள்: மலர். மலர்தல் என்ற வினையும் மலர் என்ற பெயரும் தமிழில் ஒரே சொல், பூவும் அதுவே விரிதலும் அதுவே. நாங்கள் பூ என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். அந்த அம்மா ஒரு நொடி பேசவில்லை. பிறகு முதல் எழுத்தை நீட்டி, “மாலர்?” என்றார். ஜெர்மனில் ‘மாலர்’ என்றால் ஓவியர், சுவருக்கு வர்ணம் அடிக்கும் தொழிலாளிக்கும் அதே சொல். ஆண்பால் சொல்தான், ஆனால் அவருக்கு அது ஒரு தடையாகவே தெரியவில்லை. அவருடைய அப்பா வாழ்நாள் முழுக்க வீடுகளுக்கு வர்ணம் அடித்தவராம். எங்களுக்கு அதுவரை தெரியாது. எழுந்து போய் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய தூரிகையை எடுத்துவந்தார், மயிர் பாதி உதிர்ந்தது, பிடியில் காய்ந்த நீலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது அவள் வீட்டில் தங்கை மலர் என்று கூப்பிடுகிறாள், பாட்டி மாலர் என்கிறார். குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கிறது.