பகா எண்: சொல்லும் பொருளும்

‘பிரைம் நம்பர்’ என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் சொல் பகா எண். 1-ஐவிடப் பெரிய ஒரு முழு எண்ணுக்கு, 1-உம் அந்த எண்ணும் தவிர வேறு காரணியே (மீதியில்லாமல் வகுக்கும் எண்ணே) இல்லையென்றால் அது பகா எண்: 2, 3, 5, 7, 11 என்று போகும். அப்படி வேறு காரணி இருந்தால் பகு எண்.

பார்வைக்கு ஏமாற்றும் எண்களும் உண்டு. 91-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2, 3, 5 எதனாலும் வகுபடாது. பகா எண் என்றே தோன்றும். ஆனால் 7 × 13 = 91. அடுத்து 97. அது பகு எண்ணாக இருந்தால், அதன் பகாக் காரணிகளில் ஒன்றாவது 10-க்குக் கீழே இருந்தாக வேண்டும், ஏனென்றால் 10 × 10 வந்தாலே 100 ஆகிவிடும். ஆக 2, 3, 5, 7 ஆகிய நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை. 97 பகா எண்தான்.

‘பிரைம்’ என்பது லத்தீன் ‘பிரீமுஸ்’ வழி வந்தது, பொருள் ‘முதலாவது’. அதற்கும் முந்தையது கிரேக்கத்தின் ‘புரோத்தோஸ் அரித்மோஸ்’, அதாவது முதல் எண். கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ 7-ஆம் நூலில், அலகால், அதாவது 1-ஆல், மட்டுமே அளக்கப்படும் (மீதியில்லாமல் வகுபடும்) எண் என்று இதற்கு இலக்கணம் சொல்கிறார். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்ற அருமையான நிறுவல் 9-ஆம் நூலில் வருகிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் ‘முதன்மை எண்’ என்பார்கள். அது கிரேக்க, லத்தீன் வழியை ஒட்டிய சொல். ஆனால் முதன்மை என்றதும் இன்று நமக்கு ‘முக்கியமானது’ என்ற பொருளே முந்திக்கொண்டு வருகிறது. எண்ணின் இயல்பையே பெயராகச் சொல்லும் ‘பகா எண்’தான் என் தேர்வு.

பகு என்றால் பிரி, பங்கிடு. பகுதி, பகிர்வு எல்லாம் இதன் சுற்றம். பகாத என்பதன் ஈறு கெட்டுப் பகா ஆயிற்று. இதே இணையைத் தமிழ் இலக்கணம் முன்பே வைத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் நன்னூலில் பதங்கள் பகுபதம், பகாப்பதம் என இரு வகை. ‘உண்டான்’ உண் + ட் + ஆன் என்று பிரியும். ‘நீர்’ பொருள் தரும்படி பிரியாது. சொல்லுக்குச் சொன்ன அந்தப் பிரிவு எண்ணுக்கும் அப்படியே பொருந்துகிறது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகுபதம் வினைத்தொகை, அங்கே ஒற்று மிகாது. பகாப்பதம் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அங்கே மிகும். அதனால் ‘பகா காரணி’ பிழை, பகாக் காரணி என்பதே சரி. சார்பகா எண்கள் (1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை), இரட்டைப் பகா எண்கள் (3, 5 போல 2 வித்தியாசத்தில் வரும் பகா எண்கள்) என்று இந்த வேரிலிருந்து மற்ற சொற்களும் தடையில்லாமல் கிளைக்கின்றன.

சரி, 1? சொல்லை மட்டும் பார்த்தால் 1-உம் பகாததுதான். ஆனால் கணிதம் அதைச் சேர்ப்பதில்லை. 12-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தால், வரிசையை எப்படி மாற்றினாலும் 2 × 2 × 3 ஒன்றுதான். 1-ஐச் சேர்த்தால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று நீண்டுகொண்டே போகும். அந்த ஒரே வழி என்ற உறுதி போய்விடும். அதனால் 1 பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல.