முகாமுக்குப் பணம் உண்டு, வழக்குக்கு இல்லையா?

போன வாரம் ஓசூரில் ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் பிரிவிலிருந்து, அதாவது சமூகப் பொறுப்புக்கான நிதியைச் செலவிடும் பிரிவிலிருந்து, போன். "சார், ரிப்போர்ட்டுக்குப் பயனாளிகள் போட்டோ பத்து வேணும். முகம் தெளிவா தெரியணும்." அவர்கள் கேட்ட பத்துப் பேரில் நான்கு பேர் போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட பிள்ளைகள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி வெளியிட்டால், வெளியிட்டவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. இதை நான் போனில் சொன்னபோது, "அப்போ முகத்தை மட்டும் பிளர் பண்ணிடலாமா?" என்று கேட்டார்கள். பிள்ளையின் ஊர், பள்ளிச் சீருடை, பக்கத்தில் நிற்கும் அம்மா, இதெல்லாம் போதாதா அடையாளம் தெரிய? இந்த வருடத்தில் எனக்கு வந்த மூன்றாவது போன் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் வழக்கறிஞர். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் இலவச சட்ட உதவி செய்யும் ஒரு சின்ன அறக்கட்டளையோடு சேர்ந்து வேலை செய்கிறேன். நிறுவனங்களிடம் உதவி கேட்டுப் போகும் வேலையும் என் தலையில்தான். போகும் இடமெல்லாம் முதலில் கேட்பது, "அதான் கவர்மென்ட்டே ஃப்ரீயா வக்கீல் தர்றாங்களே?"

தருகிறார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100-க்கு அடித்தால் வழி சொல்வார்கள். ஆனால் வழக்கறிஞர் கிடைப்பதற்கு முன்னால் நடக்க வேண்டியதை யார் செய்வது?

அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்து அம்மா. தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். சூளகிரி சந்தையில் மூட்டை தூக்கப் போன கணவர் மேல் நெடுஞ்சாலையில் ஏதோ வண்டி மோதிவிட்டுப் போய்விட்டது. ஆள் அங்கேயே போய்விட்டார். இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த அம்மா என்னிடம் வந்தார், ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு. உள்ளே ரேஷன் கார்டு, பிரேதப் பரிசோதனைச் சான்று, நான்காக மடித்து மடித்து மடிப்பில் எழுத்தே அழிந்துபோன எஃப்ஐஆர் நகல். அதில் "அடையாளம் தெரியாத வாகனம்" என்ற வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது. வண்டி நம்பர் தெரியாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்பிவிட்டார்.

கிடைக்கும். மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. ஒரு மாதத்தில் வண்டி கிடைக்கவில்லை என்றால் இந்தத் திட்டத்தைப் பற்றிக் குடும்பத்துக்குப் போலீசாரே சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

சரி, இதில் வழக்கறிஞர் எழுந்து நின்று வாதாட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. இறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். அதைத் திருத்த வேண்டும். எஃப்ஐஆருக்கு வேறு நகல் எடுக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா அலுவலகம் போக வேண்டும். ஒவ்வொரு நடையும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். கூடவே போய், கவுன்டரில் பேசி, அடுத்த தேதியை ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சம்பளம் என்று சொன்னதும், "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சட்டம் இருக்கு" என்கிறார்கள். எத்தனை பேரிடம் விளக்கிவிட்டேன்! இன்னொரு முறை சொல்கிறேன். அந்த 5 சதவீத வரம்பு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கு. உங்கள் அலுவலகச் செலவுக்கு. திட்டத்தை நடத்தும் தொண்டு அமைப்பு அந்தத் திட்டத்துக்காகச் செய்யும் செலவு அதில் சேராது. விதியிலேயே இருக்கிறது. கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதில் சுற்றறிக்கையிலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பள்ளிக்கு பெஞ்ச் வாங்கிக் கொடுத்தால் பெஞ்ச்தான் திட்டம். சட்ட உதவியில் ஆள்தான் திட்டம். ஆளை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஷாமியானாவும் பேனரும்தான். ஒரு நாள் சட்ட உதவி முகாமுக்குக் கேட்டவுடன் பணம் வருகிறது, அந்த முகாமில் கொடுத்த மனுவைப் பின்தொடர வருவதில்லை என்றால் முகாம் எதற்கு?

அடுத்து, "அட்டவணை 7-இல் சட்ட உதவி என்ற வார்த்தையே இல்லையே" என்பார்கள். எந்தெந்த வேலைக்கு சிஎஸ்ஆர் பணம் தரலாம் என்று கம்பெனிகள் சட்டத்தில் இருக்கும் பட்டியல்தான் அது. அந்த அட்டவணையைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று அதே 2021 சுற்றறிக்கை சொல்கிறது. சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவ, சட்ட உதவி தருவது சுகாதாரத் தலைப்பில் வரும் என்று அதற்கு முந்தைய 2014 ஜூன் 18 சுற்றறிக்கையின் இணைப்பிலேயே இருந்தது. தொப்பூர் கணவாயையும் ஓசூர் நெடுஞ்சாலையையும் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதைவிட என்ன வேண்டும்? பெண்கள், பின்தங்கிய பிரிவினர் தொடர்பான வேலைகளுக்கு அட்டவணையில் தனித் தலைப்பே உண்டு. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 135-ஆம் பிரிவு சொல்கிறது. ஓசூர் சிப்காட்டிலிருந்து அஞ்செட்டி எவ்வளவு தூரம்?

"எங்க மேலயே கேஸ் போட்டா?" என்று தயங்குபவர்களுக்கு: ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். உங்கள் தொழிலாளர் யாராவது உங்களுக்கு எதிராக வந்தால் நாங்கள் எடுக்க மாட்டோம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிடுவோம். ஆனால் வந்தது யார் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டோம். மற்றபடி எந்த வழக்கை எடுப்பது என்பதில் நீங்கள் தலையிடக் கூடாது. "எங்க லீகல் டிபார்ட்மென்ட்டை அனுப்புறோம்" என்பவர்களும் உண்டு. முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வழக்கறிஞராக நீதிமன்றத்தில் ஆஜராக முடியாது, பார் கவுன்சில் விதி. ஆனால் நோட்டீஸ் தயாரிக்க, ஆவணம் சரிபார்க்க வரட்டும், சந்தோஷம்.

ஒரே நிதியாண்டில் தீர்ப்பு கேட்காதீர்கள். அரூர் பக்கத்து வாச்சாத்தியில் பழங்குடி மக்கள்மேல் அரசு ஊழியர்கள் கொடுமை நடத்தியது 1992 ஜூனில். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29. மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29. 31 வருடம். பல ஆண்டுத் திட்டமாகக் கையெழுத்திட விதியில் இடம் இருக்கிறது, தொடங்கும் ஆண்டு போக மூன்று ஆண்டு வரை. அப்படிச் செய்யுங்கள். அறிக்கைக்கு எத்தனை மனு, எத்தனை வாய்தா, எத்தனை சான்று வாங்கினோம், எவ்வளவு இழப்பீடு வந்தது என்று பெயர் இல்லாமல் கணக்குத் தருகிறோம். தணிக்கைக்கும் வாருங்கள். வழக்குக் கட்டைத் திறந்து காட்டச் சொல்லாதீர்கள், கட்சிக்காரர் சொன்னது கட்சிக்காரருடையது.

தொண்டு அமைப்பு நடத்தும் நம்மவர்களுக்கும் சொல்ல வேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு, மூன்று வருட வேலைக்கான ஆதாரம், தணிக்கைக் கணக்கு இதெல்லாம் இல்லாமல் போய் உட்கார்ந்து "ஏழைகளுக்காக" என்று பேசினால் எழுந்து போகத்தான் சொல்வார்கள். மார்ச் கடைசியில் ஓடாதீர்கள், அடுத்த வருடத் திட்டம் பேசும் ஜனவரியில் போங்கள். ஜெயித்துக் கொடுப்போம் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது வாரிசுச் சான்று மட்டும்தான் பாக்கி. வரும் செவ்வாய்க்கிழமை காலை அவரோடு தாலுகா அலுவலகம் போகிறேன். எந்த நிறுவனத்தின் சிஎஸ்ஆர் அதிகாரியாவது கூட வந்தால், அந்த வரிசையில் பக்கத்தில் நிற்க ஒரு ஆள் இருந்தால் என்ன ஆகிறது என்று நேரிலேயே பார்க்கலாம். கேமராவை மட்டும் வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.