மழை வருமா என்று யாரைக் கேட்கிறோம்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் செய்திப் பிரிவுக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வெதர்மேன் என்ன போட்டிருக்கார் சார்?" 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையை விட்டுவிட்டு 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் ஃபேஸ்புக்கில் எழுதும் பிரதீப் ஜானை நம்புகிறார்களே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு மக்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

அரசின் அறிக்கையைப் பாருங்கள். "ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்." துறைக்குள் இதற்குத் துல்லியமான பொருள் இருக்கிறது. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழை அளவு நிலையங்களில் கால்வாசிக்குள். சரி, சென்னையில் வெள்ளம் தேங்கும் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர் இதை வைத்து என்ன செய்வார்? காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தலாமா என்பதுதான் அவர் கவலை. தனியாக எழுதுபவர்கள் ஏரியா பெயரைச் சொல்கிறார்கள், எந்த நேரம் என்கிறார்கள், கணிப்பு தப்பினால் ஏன் தப்பியது என்றும் மறுநாள் விளக்குகிறார்கள். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது.

அரசுத் துறைக்கே ஒரு முகம் இருந்தபோது அதையும் நம்பினோமே. 2016-இல் ஓய்வு பெறும்வரை சென்னை வானிலை மைய அதிகாரி எஸ்.ஆர்.ரமணன் டிவியில் தோன்றினால், நாளைக்கு லீவா என்று பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

என் கவலை வேறு. தனிநபர்கள் பார்த்துச் சொல்லும் சென்னை ரேடார் படம் அரசு நிறுவி, பராமரித்து, பொதுவில் வைக்கும் படம். அது நின்றுபோனால் இவர்கள் கையும் கட்டிப்போகும். அப்புறம், பிரபலமான பெயரை ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகள். பழைய புயலுக்குப் பேசியது, தேதி இல்லாமல் புதிய புயலுக்குத் திரும்பி வருகிறது. யார் பெயரில் வந்தாலும் அவருடைய சொந்தப் பக்கத்துக்கே போய், எத்தனை மணிக்குப் போட்டது என்று பாருங்கள். காலையில் சரியாக இருந்த கணிப்பு மாலைக்குள் மாறிவிடும்.

புயல் என்று வந்துவிட்டால் மட்டும் யாருடைய பதிவுக்காகவும் காத்திருக்காதீர்கள். துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், படகு கடலுக்குப் போகலாமா, வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்பதை எல்லாம் வானிலைத் துறையின் எச்சரிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கலெக்டர் ஆபீசிலிருந்து வண்டி வந்து கிளம்பச் சொன்னால், போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.