உளுந்துக்கு ஆதார விலை: அறுப்புக்கு முன்பே செய்ய வேண்டியவை

காவிரி டெல்டாவில் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவார்கள். உழவு கிடையாது, தனியாகத் தண்ணீர் கட்டுவதும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தை மாதப் பனியும்தான் அந்தப் பயிரை வளர்க்கின்றன. ஆடுதுறை 3 உளுந்து இப்படி நெல் தரிசில் விளைவதற்கென்றே வந்த ரகம். வேர்முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைப்பதால் மண்ணுக்கும் நல்லது. 100 கிராம் உளுந்தில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. வயதுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த பாட்டிமார்கள் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை. ஆனாலும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல பயிரை விளைவித்தவர் அதைக் களத்திலேயே கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. அதற்காகத்தான் இந்த விளக்கம்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை, குவிண்டாலுக்கு உளுந்து 7,800 ரூபாய், பச்சைப்பயறு 8,768 ரூபாய், துவரை 8,000 ரூபாய். உளுந்து கிலோ 78 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்று வியாபாரியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அரசு கொள்முதல் மையத்தில், அறிவித்த நாட்களுக்குள், முன்பதிவு செய்தவருக்குத்தான் இது கிடைக்கும். வெளிச்சந்தையில் கூடுதலாகக் கிடைத்தால் தாராளமாக அங்கேயே விற்கலாம். விலை சரியும்போது பிடித்துக்கொள்ளும் கைப்பிடிதான் இது.

தமிழ்நாட்டில் இந்தக் கொள்முதல் பெரும்பாலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நடக்கிறது. மத்திய அரசின் சார்பில் நாஃபெட் போன்ற நிறுவனங்கள் வாங்குகின்றன, பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். துவரை, உளுந்து, மசூர் மூன்றையும் பதிவு செய்த விவசாயிகள் கொண்டுவரும் அளவுக்கு 4 ஆண்டுகள் வாங்கிக்கொள்வதாக 2025 மத்திய பட்ஜெட்டில் சொன்னார்கள். பச்சைப்பயறு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அதை வைத்திருப்பவர்கள் பதிவைத் தள்ளிப்போடவே கூடாது.

பதிவுக்குச் சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் ஆவணம்), அடங்கல் (நிலத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்று எழுதும் கிராமப் பதிவேடு), ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல் வேண்டும். சிக்கல் வருவது பெரும்பாலும் அடங்கலில்தான். சம்பா நெல் பதிவாகியிருக்கும், அதன் பின்னால் தெளித்த உளுந்து ஏறியிருக்காது. பயிர் வயலில் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து உளுந்தைப் பதியச் சொல்லுங்கள். செடியைப் பிடுங்கிய பிறகு போய் நின்றால், எதைக் காட்டி எழுதச் சொல்வது? குத்தகைக்குப் பயிர் வைத்தவர் பெயர் சிட்டாவில் இருக்காது. அவர் சாகுபடிதாரராக அடங்கலில் வர வேண்டும் என்பதால் இன்னும் சீக்கிரம் கிளம்புவது நல்லது. ஏக்கருக்கு இவ்வளவுதான் எடுப்போம் என்று சராசரி விளைச்சலை வைத்து வரம்பு போடுவதும் உண்டு. மூட்டையை ஏற்றுவதற்கு முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தரம். ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல், மண், தூசி 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வண்டு துளைத்ததும் சுருங்கியதும் மிகுந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுபோன மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதைப் போல வேதனை வேறில்லை. சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ நன்றாகக் காயவிட்டு, தூற்றி, சலித்துக் கட்டுங்கள். தார்ச்சாலையில் காயப்போட்டால் மண்ணும் பொடிக்கல்லும் சேர்ந்துவிடும். முடிந்தால் ஒரு கைப்பிடி மாதிரியை முதலில் விற்பனைக்கூடத்தில் காட்டி ஈரம் பார்த்துவிட்டு, பிறகு வண்டி பிடியுங்கள்.

உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த விற்பனைக்கூடத்தில், எந்தத் தேதியிலிருந்து எடுக்கிறார்கள் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பாக வெளியிடும். உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடமும் கேட்கலாம். தெளிக்கும் நாளிலேயே ஒருமுறை கேட்டு வையுங்கள், பூக்கும் சமயத்தில் இன்னொருமுறை கேளுங்கள்.