துருவத்துக்கு வெயில் போதாதா?

தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சரேகையில் உள்ளது. சித்திரை பிறந்த நாலைந்து நாளில், அதாவது ஏப்ரல் 18 வாக்கில், பகல் 12 மணி 13 நிமிட அளவில், தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்ட ஒரு மூங்கில் கழியைப் பார்த்தால், அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கியிருக்கும். சூரியன் நேர் உச்சியில் நிற்பதே காரணம். அதன்பின் நான்கு மாதங்களுக்கு நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆவணியில் மீண்டும் ஒருநாள் மறைந்துவிட்டு, வடக்கே திரும்பிக்கொள்ளும். (பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை என்பது வெறும் பேச்சு, மாலையில் போய்ப் பார்த்தால் நீளமாகவே விழுந்திருக்கும்.)

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால், கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டுமே சூரியன் இப்படி உச்சிக்கு வரும். அதுவே வெப்ப மண்டலம். அதற்கு அப்பால் 66.6 பாகை வரை மிதவெப்ப மண்டலங்கள், பிறகு துருவ மண்டலங்கள். வெப்ப மண்டலத்தில் மனிதர் வாழ முடியாது என்று அரிஸ்டாட்டில் கருதினார். குறுவை, சம்பா, தாளடி என்று நெல் விளையும் டெல்டாவே அதற்கு மறுப்பு.

குளிருக்கும் சூரியனின் தொலைவுக்கும் தொடர்பு தேடுவது வீண். பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், நம் மார்கழிப் பனியின் நடுவே. வேறுபாட்டை உண்டாக்குவது கதிர் விழும் சாய்வே. வட துருவத்தில் சூரியன் எட்டும் அதிகபட்ச உயரம் 23.4 பாகைதான், உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி அங்கே இரண்டரைச் சதுர மீட்டரில் பரவிவிடுகிறது.

ஆனாலும் ஜூன் 21 அன்று கணக்குப் போட்டால் வியப்பே மிஞ்சும். வளிமண்டலத்தின் மேல்விளிம்பில் அளந்தால், அன்றைய ஒரு நாளில் வட துருவம் பெறும் ஒளியாற்றல் டெல்டா பெறுவதைவிட அதிகம். ஏனெனில் அங்கே 24 மணி நேரமும் சூரியன் மறைவதில்லை, நமக்கோ பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். பிறகு ஏன் அங்கே உருகாத பனி? சாய்ந்த கதிர் நீண்ட தூரம் காற்றைக் கடந்து வருவதால் வழியிலேயே ஒரு பகுதி குறைகிறது. தரையை எட்டுவதிலும் 80 முதல் 90 விழுக்காட்டைப் புதுப்பனி அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சியது வெப்பநிலையை உயர்த்தாமல் பனியை உருக்கவே செலவாகிறது: ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப் போதும். அதற்குள் செப்டம்பர் வந்து, ஆறு மாதங்களுக்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால், நிலநடுக்கோட்டுக்குக் கிடைப்பதில் பாதிகூடத் துருவத்துக்குக் கிடைப்பதில்லை.

இரு துருவங்களும் ஒன்றல்ல. வடக்கே பனிக்கு அடியில் கடல் இருந்து ஓரளவு வெப்பம் தருகிறது. தெற்கே இருப்பதோ, சராசரியாக இரண்டு கிலோமீட்டர் தடிமன் பனி மூடிய உயரமான கண்டம். அங்குள்ள வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானது.

காற்றும் கடல் நீரோட்டங்களும் வெப்ப மண்டலத்தின் மிகுதி வெப்பத்தைத் துருவம் நோக்கிக் கடத்தாவிட்டால் இந்தக் குளிர் இன்னும் கடுமையாகியிருக்கும். அந்தச் சுழற்சியின் தொடக்கம், சூடான காற்று மேலெழும் மழைப் பட்டை. அது சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகர்கிறது. ஐப்பசியில் அது தெற்கே இறங்கும்போதுதான் வடகிழக்குக் காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து சம்பா வயல்களில் கொட்டுகிறது.