பிளாட்போம்: தளமா, மேடையா?

கல்முனையில் அரிசி ஆலை நடத்தும் நண்பரிடம் கணக்கு மென்பொருள் விற்க ஒருவர் வந்திருந்தார். வாய்க்கு வாய் 'பிளாட்போம்' என்றாராம். "பிளாட்போம் எண்டா மட்டக்களப்பு ஸ்டேசனுக்கெல்லோ போகோணும்" என்று நண்பர் சிரித்தார். கல்முனைக்கு ரயில் கிடையாதே.

பிரெஞ்சில் 'தட்டையான வடிவம்' என்று பொருள்படும் இரு சொற்களின் கூட்டு இது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. தரைப்படம், பீரங்கி மேடை, ரயில் மேடை, கட்சிக் கொள்கை என்று பல வேலை பார்த்த பிறகுதான் கணினிக்காரரிடம் வந்தது. அங்கே அது மற்ற மென்பொருள்கள் நின்று ஓடும் அடித்தளம்.

இதன் விளக்கம் மட்டும் விற்பவருக்கு விற்பவர் மாறும். 1995இல் ஜாவா என்ற நிரல்மொழியையும் தளத்தையும் கொண்டுவந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ், 'ஒரு முறை எழுது, எங்கும் ஓட்டு' என்றது. சன்னின் சோறு சேவையகக் கணினி விற்பதில் இருந்தது. மைக்ரோசொப்டின் விண்டோசின் பிடி தளர்ந்தால் அதற்கு லாபம். 2002இல் டொட் நெட் என்ற தன் தளத்தை வெளியிட்ட மைக்ரோசொப்ட், எந்த மொழியிலும் எழுதலாம் என்றது. ஓடுவது என்னவோ விண்டோசில்தான்.

செல்லப்பிராணிக் கடை ஒன்றை மாதிரியாக வைத்துச் சன் ஒரு செயலி எழுதியிருந்தது. அதையே டொட் நெட்டில் எழுதிய மைக்ரோசொப்ட், வரிகள் கால்வாசிதான், வேகமோ பல மடங்கு என்று விளம்பரம் செய்தது. அது வடிவமைப்பைக் கற்பிக்க எழுதியது, ஓட்டப்பந்தயத்துக்கு அல்ல என்றது சன் தரப்பு. எனக்கென்னவோ இரண்டு பேர் சொன்னதும் சரி; இரண்டு பேரும் பாதிதான் சொன்னார்கள்.

2014இல் டொட் நெட்டைத் திறந்த மூலமாக்கி (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் விட்டு), விண்டோசின் போட்டியான லினக்சிலும் ஓட வழிசெய்கிறோம் என்றது மைக்ரோசொப்ட். மனம் மாறிவிட்டதா? இல்லை, சரக்கு மாறிவிட்டது. இணையவழி கணினி வாடகைக்கு விடும் அதன் அசூரில் எதை ஓட்டினாலும் வாடகை வரும். சன்னை 2010இல் வாங்கிய ஒரக்கிளோ, 2023 முதல் தன் ஜாவாச் சந்தாவுக்கு நிறுவனத்தின் மொத்த ஆட்களையும் எண்ணுகிறது, ஜாவாவைத் தொடாதவர் உட்பட.

நிலக்காரரான போடியாரின் வயலில் வேலையாளான முல்லைக்காரர் பாடுபட்ட கதைதான். விதைக்கும்போது எல்லாம் இனிக்கும். கணக்குப் பார்ப்பது சூடடிக்கும் களவெட்டியில்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மேடை என்றால் யாரும் ஏறலாம், இறங்கலாம். ரயிலுக்குப் பொருந்தும், இதற்கு ஆகாது. இயங்குதளம் என்பது ஏற்கெனவே விண்டோஸ், லினக்ஸ் வகைக்கு வழங்கிவிட்டது. 'தளம்' போதும், மென்பொருள் எழுதுவதற்கானது என்றால் 'உருவாக்கத் தளம்'. முன்னால் ஆளின் பெயரையும் சேர்த்து 'இன்னாரின் தளம்' என்று எழுதுவதே என் வழக்கம்.

நண்பர் வந்தவரிடம் ஒன்று கேட்டாராம்: "உங்கட தளத்தை விட்டு நான் எழும்பினா, என்ட கணக்கெல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போகலாமா?" அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வதாகப் போனவர் இன்னும் வரவில்லை.